பாளையத்தின் முதுகு

சென்னை விமான நிலையத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், தோலைப் படம் பிடிக்க வந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும். சுற்றுலா என்றேன். அதிகாரி கடப்பிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "கோயில் டூரா?" என்றார். மலேசியாவின் கிள்ளானிலிருந்து தனியாக வரும் ஐம்பது வயதுத் தமிழச்சிக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மறுத்துப் பேசப் பொறுமை இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வேலை இதுதான். கிள்ளானில் ஒரு தாதியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் திரையில் போடும் படங்கள் எல்லாம் மேல்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தவை. அம்மை, காமாலை, தீக்காயம், மூச்சு முட்டி நீலம் பாய்ந்த உதடு என்று எதை எடுத்தாலும் வெள்ளைத் தோல். கட்டுப் போடுகிற கைகூட வெள்ளைக் கைதான். எதிரே உட்கார்ந்திருப்பதோ மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள். "எங்க அம்மாவுக்கு இது வந்தா எப்படி டீச்சர் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளும் என்னைப் போல நல்ல கறுப்பு. வாயால் விளக்கினேன். காட்ட ஒரு படம் இல்லை.

இதை ஓர் இணையக் கூட்டத்தில் புலம்பியபோது, சென்னை திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தும் மஞ்சுளா என்பவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "நீங்க தேடுற படம் இங்க ஒண்ணு இருக்கு மேடம். ஆனா அது என்கிட்ட இல்ல." அந்த ஒரு வரியை நம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

ராயபுரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை. காலையில் கீழே இறங்கியதும் வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அதுதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓ, நாஸ்டாவா? துன்னாச்சும்மா. நீ துன்னியா?" என்றார். அதுமுதல் நானும் நாஸ்டாவுக்கு மாறிவிட்டேன். முனைக்கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். தேநீரைத்தான் இவ்வளவு சின்னக் குவளையில் கொடுக்கிறார்கள். வாயில் வைக்குமுன் தீர்ந்துவிடுகிறது.

ராயபுரம் நிலையம் பழைய கட்டடம், தூண்களெல்லாம் கம்பீரம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ரயில் வந்துவிட, எதிரே தெரிந்த பெட்டியில் ஏறினேன். உள்ளே முழுக்கக் கூடைகள். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வெண்டர் பொட்டிம்மா. நீ இன்னா விக்கிற?"

"ஒன்றும் விற்கவில்லை" என்றேன்.

"அப்ப ஒரு ஓரமா குந்து. கூடைய மெதிச்சிராத."

திருவொற்றியூர் வந்தபோது எனக்கும் வாசலுக்கும் நடுவில் சங்கராவும் நெத்திலியும் இருந்தன. கூடையை நகர்த்துவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த நிலையங்களிலும் அதே கதை. கூட்டம் குறைந்து நான் இறங்கிய இடம் அத்திப்பட்டு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தலைக்கு மேலே நின்றன. நடைமேடை ஓரத்துச் செடிகளின் இலைகளில் சாம்பல் படிந்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன், கீழே பச்சை இருந்தது. திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளாவின் கல்லூரி வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. தலையில் தொப்பியோடு ஒரு தாதி சிரிக்கிறாள், ரோஜா நிறக் கன்னம். பலகைக்குக் கீழே நடந்துபோன பிள்ளைகளில் ஒருத்திகூட அந்த நிறத்தில் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. கிள்ளானில் நாங்கள் சிறுபான்மை, எங்கள் தோல் படத்தில் இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இங்கே எல்லாரும் நம் ஆட்கள், ஆகவே சுவரில் நம் நிறம் இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பறையில் நான் பார்த்தது எங்கள் கல்லூரியில் மாட்டியிருக்கும் அதே படங்கள். பயிற்சி அறைக் கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருந்தது. இளஞ்சிவப்பு உடம்பு, மஞ்சள் முடி. பிள்ளைகள் அதற்கு டெய்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு டெய்சிக்கு நான்தான் மேடம் உடம்பு துடைக்கணும்" என்று ஒருத்தி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். டெய்சியின் முதுகில் ஒட்டியெடுக்கிற மாதிரி சில படுக்கைப் புண்கள். முதல் நிலைப் புண் செக்கச்செவேல் என்று இருந்தது.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு தெரியும்" என்றார் மஞ்சுளா. முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது அடையாள அட்டையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "சாயங்காலம் வியாசர்பாடி வாங்க. எங்க வூடு அங்கதான். எல்லாத்தையும் சொல்றேன்."

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்புகளுக்கு எதிரே பையன்கள் புழுதி பறக்கப் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா என்னை ஓர் அத்தோ கடைக்கு அழைத்துப் போனார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் வெங்காயம், கோஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் மீகோரெங்கின் தம்பி என்று சொல்லலாம். நான் சாப்பிட்டேன். மஞ்சுளா தட்டைத் தொடவில்லை.

அவர் சொன்னது இது. வனிதா என்று ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. திருவொற்றியூர்க் குப்பத்தில் வீடு. அப்பா பெயர் பாளையம், விசைப்படகில் வேலை பார்த்தவர். படகில் ஐஸ் அறைக்குள் தவறி விழுந்து முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டில் படுத்துவிட்டார். அம்மா மீன் விற்கப் போக, வனிதாதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். கல்லூரியில் கற்றதை ஒன்றுவிடாமல் செய்தாள். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தாள், தலையணை முட்டுக் கொடுத்தாள். படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகின் அடியில் புண் வரும், வருமுன் அந்த இடம் சிவக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில் அப்பாவின் முதுகைக் கைபேசியில் படம் எடுத்து, வகுப்புப் படத்தோடு வைத்துப் பார்ப்பாள். பிறகு மஞ்சுளாவுக்கு அனுப்புவாள். சிவக்கல மிஸ், ஓகேவா என்று.

"நானும் பாப்பேன். சிவப்பு இல்ல. குட்னு போடுவேன்" என்றார் மஞ்சுளா. "டெய்லி குட். ஒரு நாள் காலையில பொரட்டுனா, தோலு கையோட வந்துட்டுது. உள்ள பள்ளம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. அதுக்குள்ள கிருமி ரத்தத்துல கலந்துட்டுது. திரும்பி வரல."

கறுத்த தோல் சிவக்காது. அந்த இடம் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும், தொட்டால் சூடாக இருக்கும், அழுத்தினால் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். அவ்வளவுதான் அடையாளம். வனிதாவும் கறுப்பு, மஞ்சுளாவும் கறுப்பு, பாளையமும் கறுப்பு. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு வெள்ளைக்காரர் முதுகில் வருகிற சிவப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"அவ காலேஜுக்கே வர்றதில்ல. எனக்கு வந்த படத்த எல்லாம் நான் அழிச்சிட்டேன், பாக்க முடியல. அவ போன்ல மட்டும்தான் இருக்கு" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. புண் திறந்த பிறகு எடுத்த படங்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். திறக்குமுன், ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் தோலை யார் படம் எடுத்து வைப்பார்கள்? ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு மகள் எடுத்திருக்கிறாள். அந்தப் படம் திரைக்கு வந்தால் எங்கள் பிள்ளைகளும் இவர்கள் பிள்ளைகளும் வேறு மாதிரிப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் அதை எந்த வாயால் போய்க் கேட்பது?

மறுநாள் போனோம். ஷேர் ஆட்டோவில் ஏறியதுதான் தெரியும், அது நகர்ந்தது தெரியவில்லை. சாலை நெடுகக் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்றன. கிள்ளான் துறைமுகச் சாலையில் தினமும் நான் திட்டுகிற அதே பெட்டிகள், அதே எழுத்துகள். கடல் கடந்து வந்தும் அவற்றிடமிருந்து தப்ப முடியவில்லை.

"லாரிக்காரன் வயி வுட்டாதான் நம்ம போவ முடியும். நீ ஒரு தூக்கம் போடு யக்கா" என்றார் ஓட்டுநர். அவரே கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

குப்பத்தில் வனிதாவின் வீடு கல்நார் ஷீட் போட்ட ஒற்றை அறை. காலடி வைத்ததும் அனல் முகத்தில் அடித்தது. வனிதாவின் அம்மா தேசம்மா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பாயில் உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரச் செய்து கொடுத்தார். எனக்கு மட்டும்தான் கொடுத்தார். மஞ்சுளா பக்கம் திரும்பவே இல்லை. மஞ்சுளா நிலைப்படிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் டீயோடு எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

சுவரில் மாலை போட்ட ஒரு படம். மீசை வைத்த, பளபளவென்று வெளுத்த ஓர் ஆள்.

"வூட்டுக்காரரு" என்றார் தேசம்மா. பிறகு தானாகவே சொன்னார். "அவுரு இப்டி இல்லக்கா. கல்யாண ஆல்பத்துலேர்ந்து எட்த்துக் குட்தோம். ஸ்டூடியோக்காரன் வெளுப்பாக்கிட்டான். இன்னாப்பா இதுன்னா, செத்தவங்களுக்கு எல்லாருக்கும் அப்டிதான் போடுறோம், நல்லாக்கீதுல்லன்றான். ஆல்பத்துலயும் அப்டிதான் கீறாரு. கடல்ல போறவரு, அட்டக்கருப்பு. அந்தாளு எம்புருசன் மாதிரியே இல்ல. வெளக்கு வெக்கிறப்ப யாரோ வேத்தாளுக்கு வெக்கிற மாதிரி கீது."

"எங்கிட்ட கீதும்மா" என்றது ஒரு குரல். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வனிதா. மெலிந்த பெண்.  "அவுரு கலர்லயே கீது. முதுகு மட்டும்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கல்வி, மாணவிகள், பயன் என்று என்னவெல்லாமோ வந்தது. அவள் முழுவதும் கேட்டாள்.

"உங்களுக்கு அது புண்ணு மேடம். எனக்கு எங்கப்பா" என்றாள். "அவுரு கலர்ல வேற போட்டோவே இல்ல. அத்த கிளாஸ்ல போட்டா எல்லாரும் இன்னா சொல்லுவாங்க? இவ்ளோ நல்லாத் தெரியுது, இந்தப் பொண்ணு கண்ணுக்குத் தெரியலையா, பெத்த அப்பனையே இப்டியா பாத்துக்குனான்னு சொல்லுவாங்க. நான் தர மாட்டேன்."

 டீக் குவளையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். மஞ்சுளாவின் முகம் வெயிலில் வாடிப்போயிருந்தது. 

அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை. ராயபுரத்தில் சும்மா சுற்றினேன். படகுகள் நிற்கும் இடத்துக்குப் போய் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தேன். சட்டையில்லாத முதுகுகள் வரிசையாகக் குனிந்திருந்தன. வெயிலில் கறுத்து, உப்புப் பூத்த முதுகுகள். ஆசிரியை புத்தி போகுமா, ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இத்தனை பேரில் ஒருவர் முதுகுகூட ஒரு வகுப்பறைச் சுவருக்கும் போனதில்லை. அழுகை வந்தது. வெயில் கண்ணில் படுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். ஒருவர் தலைநிமிர்ந்து, "இன்னாம்மா, யார்னா காணமா?" என்று கேட்டார். இல்லை என்று திரும்பி வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விடிகாலை, விடுதிக்காரர் கதவைத் தட்டி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். கீழே வனிதாவும் தேசம்மாவும் நின்றார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகுமுன் இங்கே வந்திருக்கிறார்கள். தேசம்மா இடுப்பில் காலிக் கூடை.

"பொண்ணு ரெண்டு நாளா துன்னல, தூங்கல" என்றார் தேசம்மா. "நான்தான் சொன்னேன், குட்துடு. இன்னொரு வூட்ல இப்டி ஆவக்கூடாது. ஆனா யக்கா, அவுரு கலர்லதான் இர்க்கணும். ஸ்டூடியோக்காரன் மாதிரி வெளுப்பாக்குனீன்னா கப்பலேறி வந்து சண்ட போடுவேன்."

"தொட மாட்டேன்" என்றேன்.

"இன்னொண்ணு மேடம்" என்றாள் வனிதா. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "மொதல்ல எங்க கிளாஸ்ல போடுங்க. இன்னாதுன்னு சொல்லாம போடுங்க. அவங்களுக்குத் தெரியுதான்னு நான் பாக்கணும்."

அன்று காலை முதல் வகுப்பிலேயே போட்டோம். வனிதா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சுளா திரையில் படத்தைப் போட்டார். தோல் கையோடு வருவதற்கு முந்தின நாள் காலையில் எடுத்தது.

ஓர் ஆணின் முதுகு, இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை. தோளில் கயிறு இழுத்த பழைய தழும்பு. நல்ல கறுப்பு. கிள்ளானிலிருந்து நான் தேடி வந்த படம் அதுதான், அத்தனை தெளிவு. பார்த்ததும் என் கண் நேராக அந்த இடத்துக்குப் போனது. எதைத் தேட வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் போனது.

"என்ன தெரியுது?" என்று மஞ்சுளா கேட்டார்.

 முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நன்றாகப் படிக்கிற பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. "நார்மல் ஸ்கின் மிஸ்."

"வேற?"

"தோள்ல ஒரு பழைய தழும்பு இருக்கு மிஸ். மத்தபடி ஒண்ணும் இல்ல."

"சிவப்பே இல்ல மிஸ்" என்றாள் இன்னொருத்தி.

"படம் டல்லா கீது மிஸ், கொஞ்சம் வெளிச்சம் ஏத்தட்டா?" என்று கணினி ஓரம் நின்ற ஊழியர் கையை நீட்டினார்.

"அண்ணா, அத்தத் தொடாத" என்றது பின்னாலிருந்து வனிதாவின் குரல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மஞ்சுளா வகுப்பைப் பார்த்து நின்றார். கழுத்துக் கயிற்றை அன்று சுற்றவில்லை. "இந்தப் படத்தைப் பாத்து நானும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன்" என்றார். "குட்னு எழுதுனேன். அடுத்த நாள் இந்த இடம் பிஞ்சிருச்சு. அப்புறம் அவர் இல்ல."

 யாருடைய முதுகு என்று ஒவ்வொருத்திக்காகப் புரியத் தொடங்கியது. நார்மல் என்று சொன்ன பெண் உட்காராமல் நின்றாள்.

வனிதா எழுந்து திரைக்கு வந்தாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். படத்தின் வெளிச்சம் அவள் கையின் மேல் விழுந்தது. கையும் முதுகும் ஒரே நிறம்.

"இங்க" என்றாள். "சுத்தி இருக்குறதவிட இந்த எடம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி கருப்பு. தொட்டா சூடா இருந்துச்சு. ஷீட்டு போட்ட வூடு, வெயில் சூடுன்னு நெனச்சிகினேன். நீங்க தொட்டுப் பாருங்க. கலரப் பாக்காதீங்க, தொட்டுப் பாருங்க."

கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வகுப்பு முடிந்து வெளியே வராந்தாவில் அவள் அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள். காசிமேட்டில் ஏலம் நடக்கும் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. சத்தத்தை மீறிப் பேச தேசம்மா கத்தினார்.

"இன்னாடி, இன்னா சொன்னாங்க?"

"எம்மா" என்றாள் வனிதா. "யாருக்குமே தெரியலம்மா. ஒருத்தருக்குக்கூட தெரியல." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். அப்பா போன பிறகு அவள் அழுது பார்த்ததே இல்லை என்று தேசம்மா காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். நிற்கவே நிற்காத அழுகை. நிம்மதியும் கொஞ்சம் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் பயமாக இருந்தது. அறை நிறையப் பிள்ளைகள், நாளைக்குத் தாதியாகப் போகிறவர்கள், ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை.

மறுமுனையில் ஏலக்காரர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு தேசம்மா ஏதோ சொன்னார். வனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை மஞ்சுளாவிடம் நீட்டினாள்.

"அம்மா உங்ககிட்ட பேசணுமாம் மிஸ்."

மஞ்சுளா இரண்டு கையாலும் வாங்கினார். காதில் வைக்கப் பயந்து சற்றுத் தள்ளியே பிடித்திருந்தார்.

"டீச்சரு" என்றது தேசம்மாவின் குரல். "நாஸ்டா துன்னியா?"

"இன்னும் இல்லக்கா" என்றார் மஞ்சுளா. கைபேசியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.